மோப்ப நாயோடு வேலை பார்க்க ஆசைப்படும் மகனுக்கு என்ன வழி?

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் கேட்பது நல்ல வேலை. "நாய் மேய்க்கவா இத்தனை வருஷம் படிக்க வைத்தோம்" என்று அவன் அப்பா கேட்டதாகச் சொன்னீர்கள். ஒரு தலைவர் மேடை ஏறும் முன் அந்த மேடையில் வெடிகுண்டு இல்லை என்று உறுதி சொல்வது ஒரு நாயும் அதன் கயிற்றைப் பிடித்திருக்கும் காவலரும்தான். அவர்களுக்குத் தெரியாமல் போனால் அங்கே உயிர் போகும். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த வேலைக்கு நேர்வாசல் கிடையாது. "மோப்ப நாய்ப் பிரிவுக்கு ஆள் தேவை" என்று விளம்பரம் வரும் என்று தம்பி காத்திருந்தால் வயதுதான் போகும். தமிழ்நாட்டில் முதலில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வை எழுத வேண்டும். கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு 26 வரை, மற்றப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வோடு ஓட்டமும் இருக்கிறது. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தேர்வாகி, காவலர் பயிற்சி முடித்து, ஆயுதப்படையில் பணியாற்றும்போது நாய்ப் பிரிவுக்கு விருப்பம் தெரிவிக்கலாம். ஆக, அவன் முதலில் போலீஸ், அதற்கப்புறம்தான் ஹேண்ட்லர், அதாவது நாயைக் கையாளும் காவலர். பந்தோபஸ்தும் இரவுக் காவலும் பிடிக்காத பையனுக்கு இது சரிவராது.

நாய்ப் பிரிவுக்குப் போன பிறகு என்ன நடக்கும்? ஆறு மாதக் குட்டி வாக்கில் பயிற்சி தொடங்கும். நாயைத் தனியாக அனுப்பிப் பழக்க மாட்டார்கள். அதைக் கையாளப்போகும் காவலரும் கூடவே இருந்து பழக வேண்டும். வெடிபொருள், போதைப்பொருள் கண்டுபிடிக்க ஏறத்தாழ ஆறு மாதம். குற்றவாளியின் தடம் பிடிக்கும் நாய்க்கு ஒன்பது மாதம் வரை ஆகும். மத்தியப் படைகளில் இதற்கென்றே பெரிய பயிற்சி மையங்கள் இருக்கின்றன. எல்லைப் பாதுகாப்புப் படையினுடையது குவாலியர் பக்கம் தேகன்பூரில் இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையினுடையது பெங்களூரு அருகே தரலுவில்.

பயிற்சி என்றதும் அதட்டலும் அடியும் என்று நினைக்க வேண்டாம். நாய்க்கு அது ஒரு விளையாட்டு. தேடப் பழக்கிய வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வெடிபொருளை மோந்ததும் குரைக்கவோ காலால் பிறாண்டவோ கூடாது. சத்தமில்லாமல் உட்கார வேண்டும். அந்த உட்காருதலைக் கவனித்துப் புரிந்துகொள்வது ஹேண்ட்லரின் வேலை. வால் ஆடுவது மாறியதா, மூச்சு வேகமானதா, வெயிலில் களைத்துவிட்டதா என்று கண் இமைக்காமல் பார்க்க வேண்டும்.

செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்: "மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." நாய் தோற்றுவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். திருடன் அந்த இடத்தில் வண்டியில் ஏறியிருந்தால் தடம் அங்கேயே அறுந்துபோகும். அந்த இடம் தெரிவதே விசாரணைக்கு ஒரு துப்பு. அதே சமயம், நாயால் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடியாது, அதன் மோப்பத்தை மட்டும் நம்பி ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1969-லேயே தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது. நாய் செய்ததை நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியவர் ஹேண்ட்லர். அதனால் தம்பி, மார்க் எடுக்க மட்டும் படிக்காமல், பார்த்ததைப் பிசகில்லாமல் எழுதவும் பேசவும் பழகட்டும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் மனசில் நிற்பது 2024 வயநாடு நிலச்சரிவு. கேரள போலீஸின் மாயா, மர்பி என்ற இரண்டு நாய்கள் சேற்றுக்கடியில் புதைந்த உடல்களைத் தேடின. காணாமல்போனவரின் உடலாவது கிடைக்காதா என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் இரண்டு சிப்பிப்பாறை வளர்க்கிறான் என்றீர்கள். நல்ல விஷயம். ஆனால் சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய். மோப்பத்துக்குப் பெரும்பாலும் எடுப்பது லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மாலினாய். நாய் வளர்த்த அனுபவம் உதவும், அதுவே தகுதி ஆகிவிடாது. அதேபோல, பணம் கட்டினால் நாய் பயிற்சிச் சான்றிதழ், அதைக் காட்டினால் போலீஸ் வேலை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படித்தான் அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினான். அந்தச் சான்றிதழ் எங்கேயும் செல்லுபடியாகவில்லை.

மதிப்பெண் நன்றாக வந்தால் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அவன் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கிறான். கால்நடை மருத்துவப் படிப்புக்குத் தமிழ்நாட்டு இடங்களை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறார்கள். உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகள். படித்து முடித்தால் மத்தியப் படைகளில் நாய்களுக்கு மருத்துவராக, அதிகாரியாகவே போகலாம். அப்பாவுக்கு இது ஒருவேளை பிடிக்கும். என் அபிப்பிராயம், விண்ணப்பத்தை இதற்கும் போட்டுவிட வேண்டும் என்பதுதான்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த விடுமுறையில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டரிடம் அனுமதி கேட்டு இரண்டு வாரம் காலையில் போய் நிற்கட்டும். உண்ணி எடுப்பது, புண்ணைக் கழுவுவது, கழிச்சல் கண்ட நாயின் கூண்டைச் சுத்தம் செய்வது எல்லாம் இருக்கும். ஹேண்ட்லரின் தினசரி வாழ்க்கையில் பாதி இதுதான். பண்டிகை நாளிலும் நாய்க்குச் சாப்பாடு வைத்தாக வேண்டும். எட்டுப் பத்து வருஷத்தில் அது ஓய்வு பெறும்போது பிரிவதையும் தாங்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 1500 மீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுகிறான் என்று குறித்து எடுத்து வரச் சொல்லுங்கள்.