வேண்டாததை யாருக்குக் கொடுப்பது?

வணக்கம். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். பரணிலிருந்து இறக்க இறக்க வந்துகொண்டே இருக்கிறது. எவர்சில்வர் குடம், கிரைண்டர், மூன்று சக்கர சைக்கிள், மகளின் பட்டுப்பாவாடை. காயலான் கடையில் போட மனம் வரவில்லை. வேலைக்கு வரும் அக்கா எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார், தேவையா என்று தெரியவில்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் 'பழசைத் தள்ளிவிடுகிறாள்' என்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
எஸ்.எம்., திருச்சி

அன்புள்ள எஸ்.எம்.,

அந்த அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் இதில் முக்கியம். சம்பளம் கொடுப்பவர் ஒன்றை நீட்டும்போது 'வேண்டாம்மா' என்று சொல்வது எளிதல்ல. வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் இடத்தை அடைத்து வைப்பார்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவக் குடும்பங்கள் பலவும் அதைத் தொடவில்லை, சாலையோரம் குவியலாகக் கிடந்தது. கொடுத்தவர்களுக்கு நல்ல மனதுதான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எடுப்பவர் பார்த்து, வேண்டியதை மட்டும் எடுக்கும்படி கொடுப்பதுதான் சரி. 2015இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் ஒரு சுவரில் கொக்கி அடித்து, தேவையில்லாதவர் மாட்டிவிட்டுப் போகலாம், தேவையானவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார்கள். நம் திருநெல்வேலியில் அதே வகையில் 'அன்புச் சுவர்' வந்தது. அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் 2013இல் இரண்டு பெண்கள் தொடங்கிய 'பை நத்திங்' குழுக்களில் காசும் இல்லை, பண்டமாற்றும் இல்லை. கொடுப்பதுபோலவே, வேண்டியதைக் கேட்கவும் செய்யலாம்.

உங்கள் கூச்சம் போக இதுதான் வழி. முதலில் நீங்களே ஏதாவது கேளுங்கள். 'ஊரிலிருந்து ஆள் வருகிறது, மடக்குக் கட்டில் சும்மா கிடக்கிறதா?' என்று குழுவில் போடுங்கள். ஒருவர் கொடுப்பார். அப்புறம் உங்கள் கிரைண்டர் படத்தைப் போட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

போடுமுன் கல்லைக் கழற்றிக் கழுவி, ஒரு பிடி அரிசியை அரைத்துப் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். குடத்தில் நீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பாருங்கள். பட்டுப்பாவாடை மடிப்பில் இழை விட்டிருக்கலாம், விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விட்டிருந்தால் கொடுக்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மகளுடையதாயிற்றே.

யாரும் கேட்காத பாத்திரத்தையும் இரும்பையும் காயலான் கடையில் தாராளமாகப் போடலாம், உருக்கத்தான் போகும். போகிக்கென்று மட்டும் எதையும் எரிக்க வைக்காதீர்கள்.

இன்னொன்று, அந்தக் குழுவில் காவலாளியையும் வேலைக்கு வரும் பெண்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்களும் படத்தைப் பார்க்கட்டும், வேண்டியதைக் கேட்கட்டும், தங்களிடம் இருப்பதையும் போடட்டும். அந்த அக்கா எதையும் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.