திதி பார்த்து கேம்ப் வையுங்கள்

அன்புள்ள சார்,

நான் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் பள்ளியில் உயிரியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். ராய்கட் மாவட்டத்தில் கடலோரமாக ஒரு கேம்ப் இருக்கிறது. மும்பைப் பள்ளிகளிலிருந்து ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கும் பிள்ளைகள் வந்து இரண்டு ராத்திரி தங்கிப் போவார்கள். இதுவரை கயிறு ஏறுவது, கேம்ப்ஃபயர் என்று நடந்த இடம். இப்போது கடல் அறிவியல் புரோகிராம் ஒன்று தொடங்கி, அதை நடத்த என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் முன்பு இதே வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். மூன்று நாளுக்குப் பாடத்திட்டம் எப்படிப் போடுவது? பாதுகாப்பு பற்றிப் பெற்றோரிடம் என்ன சொல்வது? சொல்லிக்கொடுக்க வருகிற இளைஞர்கள் ஒரு சீசனுக்கு மேல் நிற்பதில்லையாமே, அதற்கு என்ன வழி? முதலாளி தொட்டி கட்டி மீன் விட வேண்டும் என்கிறார். அம்மாவோ, 'ஊரான் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போற வேலை நமக்கு எதுக்கு' என்கிறாள். போட்டு வைத்திருக்கும் டைம்டேபிளை இணைத்திருக்கிறேன்.

எஸ்., செம்பூர், மும்பை

அன்புள்ள எஸ்.,

டைம்டேபிளைப் பார்த்தேன். 'இரண்டாம் நாள், காலை 10 முதல் 12 வரை கடற்கரை நடை' என்று இருக்கிறது. எந்த பேட்ச் வந்தாலும் அதே 10 மணி. அந்த நேரத்தில் கடல் ஏறியிருக்குமா, இறங்கியிருக்குமா என்று எங்கேயும் இல்லை. நீங்கள் கேட்ட மூன்று கேள்வியும் எனக்கு இந்த ஒரு வரியில்தான் வந்து நிற்கின்றன.

உங்கள் கேம்ப் இருக்கும் கொங்கணக் கரை நம் தமிழ்நாட்டுக் கரை மாதிரி கிடையாது. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கமெல்லாம் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்களில் நான்கு மீட்டருக்கு மேல் போகும். காலையில் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்த பாறையின் மேல் மதியம் படகு ஓட்டலாம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதி தேறினால் அதிகம். அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போனால் பாறையின் மேல்தட்டில் ஒட்டியிருக்கும் கொட்டலசையும் சிப்பியையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கடல் சாமந்தி, பேய்க்கணவாய், வண்ணவண்ணமாக ஓடில்லாத கடல்நத்தை என்று நோட்டீஸில் போட்டதெல்லாம் தண்ணீருக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

கொங்கணத்துக் கடலோடிகள் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரே அதற்குப் போதும். அன்றைய திதி எத்தனையோ அதை முக்காலால் பெருக்குங்கள். கடல் உச்சிக்கு ஏறும் நேரம் வந்துவிடும். சதுர்த்தியா? நாலு முக்கால் மூன்று. மூன்று மணிக்கு நிறை கடல். அஷ்டமிக்கு ஆறு மணி. பௌர்ணமிக்குப் பதினொன்றேகால். நிறைந்த கடல் வற்ற ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அதை முன்னும் பின்னும் போட்டால் வற்றும் நேரம் தெரியும். அரை மணி முன்னே பின்னே இருக்கும். ஆகவே பிள்ளைகளை இறக்கும் நாளில் கடல் ஏறி இறங்கும் நேரத்தை அச்சிட்ட ஓத அட்டவணையை மட்டும்தான் நம்ப வேண்டும். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் தேதி குறிக்க இந்தக் கணக்கு தாராளம். முதல் நாள் ராத்திரி பிள்ளைகளிடமே காலண்டரைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். காலையில் போய் நின்றால் கடல் அவர்கள் சொன்ன நேரத்துக்கு இறங்கியிருக்கும். அதற்கு மேல் அவர்களைப் பிடிக்க முடியாது.

இந்தக் கணக்கில் உங்களுக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி அன்றே கடல் நன்றாக வற்றும், ஆனால் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு. இருட்டில் ஐம்பது பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப்போக முடியாது. துவிதியை, திருதியையில் வற்றும் நேரம் ஏழரை, எட்டரைக்கு நகர்ந்துவிடும், இறக்கமும் குறைந்திருக்காது. மாதத்தில் இரண்டு தடவை இப்படி மூன்று நான்கு நாள் கிடைக்கும். அக்டோபரிலிருந்து மே வரை இந்த நாட்களை வட்டம் போட்டு, 'கடல் பேட்ச் இந்தத் தேதிகளில் மட்டும்' என்று முதலாளியிடம் எழுதி வாங்குங்கள். மீதி நாளெல்லாம் அவருடைய கயிறுக்கும் கேம்ப்ஃபயருக்கும் தாராளமாகப் போகட்டும். பள்ளிகள் ஒத்துக்கொள்ளாது. தேர்வு அட்டவணையை வைத்துக்கொண்டு ஏப்ரலிலேயே தேதி கேட்பார்கள். இந்த வேலையில் பாதி, பிரின்சிபாலுக்குச் சந்திரனை விளக்குவதுதான். சலிக்காமல் செய்யுங்கள்.

தேதி மாறவே மாறாது என்று நிற்கிற பள்ளிக்கு வேறு பாடம் வையுங்கள். கழிமுகத்துச் சதுப்பில் அலையாத்தி இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியாக வந்த உப்பை இலை வெளியே தள்ளியிருக்கிறது. சேற்றில் தாவும் மட்ஸ்கிப்பர் மீனைப் பார்க்கவே ஒரு மணி நேரம் போதாது. சாயங்காலம் அந்தக் கரை மீனவர்களான கோலிகளின் டோல் வலையைக் காட்டுங்கள். பை மாதிரி வலையை ஓட்டத்துக்கு எதிரே கட்டி வைத்துவிடுவார்கள், நீரோட்டமே மீனை உள்ளே தள்ளிவிடும். ஓட்டம் வலுவான நாட்களில்தான் அதற்கு வேலை. அஷ்டமிப் பக்கம் வந்த பிள்ளைகள் 'இன்றைக்கு ஏன் வலை போடவில்லை' என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இனி பாறையில் என்ன செய்வது என்பது. உங்கள் திட்டத்தில் 'முப்பது உயிரினங்களை அடையாளம் காணுதல்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால் பிள்ளைகள் ஓடுவார்கள். வழுக்குப் பாறையில் ஓடினால் முட்டி பெயரும், ஒன்றும் கண்ணில் படாது. நான் வைத்திருந்தது அரை மீட்டர்ச் சதுரமாக பிவிசி பைப்பில் செய்த சட்டம். நான்கு பேருக்கு ஒன்று. பாறையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் அதற்குள்ளேயே பார்க்க வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் 'ஒண்ணும் இல்ல சார்' என்பார்கள். அப்புறம் ஒருத்தி, பாசி என்று நினைத்த பச்சைத் திட்டில் நிழல் விழுந்ததும் அது சுருங்கியதைப் பார்ப்பாள். அடுத்து, வெறும் கூழாங்கல் ஒன்று நகரும்.

தாராவியிலிருந்து மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறை வந்திருந்தார்கள். சட்டத்துக்குள் ஒரு சங்கு நடந்தது. உள்ளே துறவி நண்டு. ஒரு பையன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'சார், இவன் சொந்த வீட்டுக்காரன் இல்ல, வாடகைக்கு இருக்கான்' என்றான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு நண்டு வந்து அந்தச் சங்கைத் தட்டித் தட்டிப் பார்த்தது. 'காலி பண்ணச் சொல்றான்' என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். அன்றைக்கு யாரும் ஒரு கிளிஞ்சல்கூட எடுத்துப் போகவில்லை. காலிச் சங்கு யாருக்குத் தேவை என்று தெரிந்துவிட்டதே. மற்ற பள்ளிகளின் பையை நான் பஸ் ஏறும்போது சோதித்திருக்கிறேன். அந்த மாதிரிப் பிள்ளைகள் கட்டணம் கட்டி வர முடியாது. பேட்ச்சுக்கு நான்கு இடமாவது அவர்களுக்கு ஒதுக்கச் சொல்லி இப்போதே பேசிவிடுங்கள், சேர்ந்த பிறகு நடக்காது.

தொட்டி வேண்டவே வேண்டாம். கடல் தண்ணீரை ஓயாமல் மாற்றவும் குளிர்விக்கவும் வசதி இல்லாத இடத்தில், கரண்ட் போனதும் முதலில் சாவது அதில் இருப்பவைதான். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. தெரியாமல் பிடித்துப் போட்டாலும் வழக்குத்தான். முதலாளியிடம் இரண்டாவது காரணத்தை முதலில் சொல்லுங்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் உங்கள் ராய்கட் மாவட்டத்து முருட் கடற்கரையில், சுற்றுலா வந்த புனே கல்லூரி மாணவர்கள் 14 பேர் மூழ்கிப் போனார்கள். நீங்கள் கடிதம் அனுப்பும் பெற்றோரில் பலருக்கு அது நினைவிருக்கும். 'தகுந்த ஏற்பாடு உண்டு' என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். என்ன ஏற்பாடு என்று நேரத்தோடு எழுதுங்கள்.

கடல் ஒரே சீராக ஏறாது. ஏறும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, ஒன்று. நான்கு மீட்டர் ஏறும் நாளில் மூன்றாவது மணியில் மட்டும் ஒரு மீட்டர், அதாவது ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மார்பளவு. முதல் மணியில் தண்ணீர் அசைவதே தெரியாது, ஆசிரியர்களும் 'இன்னும் பத்து நிமிடம்' என்பார்கள். அதனால் என் விதி இது: வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் பாறையில் இறங்குவது, வற்றிய நேரத்திலிருந்து அரை மணிக்குள் கடைசிப் பிள்ளையும் மணலில் நிற்பது. விசில் அடித்தால் பள்ளி ஆசிரியர் உட்பட எல்லோரும் கிளம்ப வேண்டும். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணுவது. குளியல் கிடையாது, கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கிடையாது. செருப்பு வேண்டாம், பழைய கேன்வாஸ் ஷூ, சிப்பி கத்தி மாதிரி அறுக்கும். மணல் திட்டில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள், திருக்கை விலகிப் போகும். மீறிக் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்கு. ஃப்ளாஸ்க் இல்லாமல் பாறைக்குப் போகாதீர்கள்.

தங்கும் இடத்தில் எழும் சிக்கல்கள் வேறு வகை. மும்பைப் பள்ளி என்றால் ஜைனப் பிள்ளைகள் இருப்பார்கள், அதில் சிலர் சூரியன் மறைவதற்குள் சாப்பிட வேண்டும். சாயங்காலமும் கடல் வற்றுகிறதே என்று அந்த நேரத்தில் ஒரு நடை வைத்தால் சமையலறையோடு சண்டை வரும். காலை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீன் இறங்குதுறைக்கு மட்டும் விருப்பப்பட்டவர்களை அழைத்துப் போங்கள், வாந்தி எடுக்கும் பிள்ளையை யாரும் கேலி செய்ய வேண்டாம். முதல் ராத்திரி யாராவது அழுவார்கள். போனைக் கொடுத்தால் இன்னும் அழுவார்கள், கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் பிளாங்க்டன் வலையைக் கொடுத்து, டார்ச்சோடு படகுத்துறைக்கு உங்கள் கூடவே கூட்டிப் போங்கள்.

கடைசியாக ஆட்கள். பாதிப் பேரை அந்த ஊர்க் கோலி வீடுகளிலிருந்து எடுங்கள். 'வழிகாட்டி' என்று தினக்கூலி கொடுக்காமல் பயிற்றுநர் என்றே பதிவேட்டில் எழுதி அதே சம்பளம் கொடுங்கள். எந்தப் பாறையில் எப்போது தண்ணீர் பின்பக்கமாகச் சுற்றி வரும் என்று எம்.எஸ்சி. படித்த உங்களுக்கும் எனக்கும் தெரியாது, அங்கே சிப்பி எடுக்கும் பெண்களுக்குத் தெரியும். பட்டம் படித்த இளைஞர்கள் ஓடுவதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அல்ல. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, மழையும் செப்டம்பர் வரை விடாது, கேம்ப் மூடியிருக்கும், அந்த நான்கு மாதம் அவர்களுக்குச் சம்பளம் இல்லை. எந்த வீட்டில் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்? அந்த மாதங்களில் பிவிசி சட்டங்களைப் பழுது பார்க்கலாம், போன சீசன் நோட்டுகளை வரிசைப்படுத்தலாம், முதலுதவிப் பயிற்சி எடுக்கலாம், பள்ளிகளுக்குப் போய்த் தேதி பேசலாம். வேலைக்கா பஞ்சம்? பன்னிரண்டு மாதச் சம்பளம் என்று அவர்களுடைய ஒப்பந்தத்திலும் உங்களுடையதிலும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் செம்பூரிலேயே இருங்கள்.