வீட்டுக் கணினிக்குள் ஓர் ஆய்வகக் கணினி: வாசகர் கேள்விகள்

விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி) பற்றி வந்த கேள்விகளில் பாதி ஒரே எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தவை: மெஷின் கோப்பைக் கொடுத்துவிட்டால் வேகம், வன்பொருள், விடை எல்லாமே அப்படியே கூட வந்துவிடும் என்பது. உண்மையில் கூட வருவது இயங்குதளமும் அதன் மேல் நிறுவியிருக்கும் மென்பொருள்களும் மட்டுமே. மற்றவை உங்கள் கணினியைப் பொறுத்தவை.

கேள்வி: ஆய்வு வழிகாட்டி கொடுத்த ஓ.வி.ஏ கோப்பை (முழு மெஷினையும் அடைத்த கோப்பு) விர்ச்சுவல்பாக்ஸில் (மெஷினை இயக்கும் மென்பொருள்) ஏற்றினேன். இயங்குகிறது, ஆனால் ஆமை வேகம். கீழே ஓர் ஆமைப் படம்கூடத் தெரிகிறது! விண்டோஸ் 11. டாஸ்க் மேனேஜரில் விர்ச்சுவலைசேஷன் 'இயக்கத்தில்' என்றுதான் இருக்கிறது.

அந்த ஆமை கேலிக்கு வைத்ததல்ல, அதுதான் நோயின் அறிகுறி. செயலியில் இருக்கும் விர்ச்சுவலைசேஷன் வசதியை உங்கள் கணினியில் மைக்ரோசாஃப்டின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பான ஹைப்பர்-வி முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. நீங்கள் ஹைப்பர்-வியை நிறுவியதே இல்லை என்பீர்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல் 2 இருந்தால் அது வரும். விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பில் 'மெமரி இன்டெக்ரிட்டி' இயக்கத்தில் இருந்தாலும் வரும். புதிய கணினிகள் பலவற்றில் இது முதலிலிருந்தே இயக்கத்தில்தான் இருக்கும்.

விண்டோஸ் வசதிகள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றையும் நீக்கி, மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து, கணினியை மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் ஆமை போய்விடும். ஆனால் டபிள்யூ.எஸ்.எல் 2-உம் கூடவே நின்றுவிடும், ஒரு பாதுகாப்பு அடுக்கும் கழன்றுவிடும். தினசரி வேலைக்கான கணினி என்றால் நான் அதை அணைக்கமாட்டேன். உங்கள் மென்பொருள் சாதாரண லினக்ஸ் நிரல்தான் என்றால் டபிள்யூ.எஸ்.எல் 2-க்குள்ளேயே நிறுவிப் பாருங்கள். அதுவும் உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின்தான்.

கேள்வி: 8 ஜி.பி ரேம், நான்கு கோர். மெஷினுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

ரேம் 4 ஜி.பி, கோர் இரண்டு அல்லது மூன்று. எல்லாக் கோர்களையும் கொடுத்தால் ஹோஸ்டும் (உங்கள் கணினி) கெஸ்ட்டும் (உள்ளே ஓடும் மெஷின்) முட்டிக்கொள்ளும், மொத்தத்தில் மெதுவாகும். ரேம் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. ஹோஸ்ட் நினைவகம் போதாமல் டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிட்டால், ஒரு மணி நேரக் கணக்கு ஓர் இரவை விழுங்கும்.

இன்னொன்று: கணக்கிடுவதில் விர்ச்சுவல் மெஷின் இழக்கும் வேகம் சொற்பம். கோப்பைத் தொடும்போதுதான் அடி விழும். குறிப்பாக, பகிர்ந்த கோப்புறையில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை வைத்து ஓட்டாதீர்கள். உள்ளீட்டை மெஷினின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுத்து ஓட்டுங்கள், முடிவுகளை மட்டும் வெளியே எடுங்கள்.

கேள்வி: செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் கணக்குகளைத் தன்னார்வலர்களின் கணினிகளில் ஓட்டும் எல்.எச்.சி@ஹோம் திட்டத்துக்கு என் கணினியைக் கொடுக்க ஆசை. எதற்காக விர்ச்சுவல்பாக்ஸ் கேட்கிறது? ஆபத்தில்லையா?

2004-இல் தொடங்கியபோது அது கேட்கவில்லை. அன்றைய நிரல் சிக்ஸ்டிராக். முடுக்கி வளையத்தில் சுற்றும் புரோட்டான்களின் பாதை நிலையாக இருக்குமா என்று கணிக்கும், அளவில் அடக்கமான நிரல். அதை விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தனித்தனியாகத் தொகுத்துக் கொடுத்துவிட முடிந்தது. துகள் மோதல்களைக் கணிக்கும் நிரல்கள் வேறு ரகம். சயின்டிஃபிக் லினக்ஸ் போன்ற குறிப்பிட்ட லினக்ஸ் பதிப்புகளுக்காக எழுதியவை, ஒன்றையொன்று சார்ந்த நிரல் நூலகங்களின் பெரிய கூட்டம், அடிக்கடி மாறுபவை. அவற்றை விண்டோஸுக்கு மாற்றி எழுத யாருக்கும் நேரமில்லை. தன்னார்வலர்களிடமோ பெரும்பாலும் விண்டோஸ். இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2011-இல் டெஸ்ட்4தியரி என்ற திட்டம் செர்ன்வி.எம் என்ற சிறிய லினக்ஸ் மெஷினை விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக வீட்டுக் கணினிகளுக்கு அனுப்ப ஆரம்பித்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அதன் கோப்பு முறைமை. மொத்த மென்பொருளையும் இறக்கினால் உங்கள் டிஸ்க் தாங்காது. செர்ன்வி.எம்-எஃப்.எஸ் எல்லாக் கோப்புகளும் இருப்பதுபோலக் காட்டும், நிரல் திறக்கும் கோப்பை மட்டும் அந்த நொடியில் இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளும். முதல் பணி மெதுவாகத் தொடங்கி, அடுத்தவை விரைவாக ஓடுவது இதனால்தான்.

ஆபத்து என்று பார்த்தால், நேரடியாக ஓடும் நிரலைவிட மெஷினுக்குள் ஓடுவது உங்கள் கோப்புகளிடமிருந்து நன்றாகவே தள்ளி நிற்கிறது. நடைமுறைத் தொல்லை வேறு: கணினியைப் பட்டென்று அணைத்தால், மெஷின் தன் நிலையைச் சேமித்து முடிப்பதற்குள் வெட்டுப்பட்டு, பணி பிழையில் முடியும். பணிகளை வாங்கி ஓட்டும் பாயிங்க் மென்பொருளை முதலில் நிறுத்திவிட்டு அணையுங்கள். இத்திட்டத்தின் அட்லஸ் வகைப் பணிகள் ரேமை நிறையத் தின்னும். 8 ஜி.பி கணினிக்கு, டெஸ்ட்4தியரியின் வழிவந்த தியரி பணிகளே போதும். லினக்ஸ் பயனராக இருந்தால் இவ்விரண்டையும் விர்ச்சுவல்பாக்ஸ் இல்லாமல் நேரடியாகவே ஓட்டும் வழியும் உண்டு.

கேள்வி: மெஷினுக்குள் என் என்விடியா கார்டு தெரியவில்லை. கூடா (அந்தக் கார்டில் கணக்கு ஓட்டும் என்விடியா அமைப்பு) வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸில் தெரியாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது காட்டுவது போலி கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் என்றால் டபிள்யூ.எஸ்.எல் 2-இல் கூடா இயங்கும். டிரைவரை விண்டோஸில் மட்டும் நிறுவுங்கள், உள்ளே லினக்ஸ் டிரைவரைத் திணித்தால் கெட்டுப்போகும். லினக்ஸ் ஹோஸ்டில் அதன் சொந்த மெஷின் வசதியான கே.வி.எம் வழியாகக் கார்டையே மெஷினிடம் ஒப்படைக்கலாம். அப்போது ஹோஸ்டின் திரைக்கு வேறொரு கார்டு இருந்தால் நல்லது.

கேள்வி: ஒரே மெஷின் கோப்பு, ஒரே உள்ளீடு. என் விடையும் நண்பர் விடையும் கடைசி இலக்கங்களில் வேறுபடுகின்றன. யாருடையது தவறு?

இருவருடையதும் தவறில்லாமல் இருக்கலாம். 10-இன் 16-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள். கணினியில் வழக்கமான 64-பிட் 'இரட்டைத் துல்லிய' எண்களில் விடை 0. அந்த அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 2 இடைவெளி இருப்பதால், கூட்டிய 1 காணாமல் போகிறது. முதலில் கழித்துவிட்டுப் பிறகு கூட்டினால் விடை 1. வரிசை மாறினால் விடை மாறும்.

இனி மெஷினுக்கு வருவோம். அது உங்கள் செயலியை மறைப்பதில்லை, பெரும்பாலும் அப்படியே உள்ளே காட்டுகிறது. ஓப்பன்பிளாஸ், எம்.கே.எல் போன்ற கணித நூலகங்கள் ஓட ஆரம்பிக்கும்போதே செயலியைப் பார்த்து, ஏ.வி.எக்ஸ்-2 என்ற கட்டளைத் தொகுதி இருந்தால் ஒரு வழி, ஏ.வி.எக்ஸ்-512 இருந்தால் வேறு வழி என்று தேர்ந்தெடுக்கும். கூட்டும் வரிசை அங்கேயே மாறிவிடும். பல திரிகளில் (ஒரே சமயம் ஓடும் இழைகளில்) ஓடினால் எந்தத் திரி முதலில் முடிகிறது என்பதைப் பொறுத்து, உங்கள் ஒரே கணினியில்கூட இரண்டு ஓட்டங்கள் வேறுபடலாம்.

ஒரே திரியில் இருவரும் ஓட்டிப் பாருங்கள். வேறுபாடு நீடித்தால், எம்.கே.எல்-இல் சி.என்.ஆர் என்ற அமைப்பு எல்லாச் செயலிகளிலும் ஒரே வழியில் போக வைக்கும். வேகம் குறையும். மூலக்கூறு இயக்கவியல் போன்ற கணக்குகளில் கடைசி இலக்க வேறுபாடு பெருகிப் பெருகிப் பாதையையே மாற்றிவிடும். அங்கே ஒப்பிட வேண்டியது சராசரிகளை, தனித்தனி அணு நிலைகளை அல்ல. சராசரியும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் பிழையைத் தேட வேண்டும்.

கேள்வி: உள்ளே 40 ஜி.பி தரவை அழித்தேன். வெளியே மெஷின் கோப்பு சுருங்கவில்லை. ஸ்னாப்ஷாட்களும் (மெஷினின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்தவை) நிறைய.

விரியும் டிஸ்க் தானாக விரியும், தானாகச் சுருங்காது. காலி இடத்தைப் பூஜ்ஜியங்களால் நிரப்பி, மெஷினை அணைத்து, விர்ச்சுவல்பாக்ஸின் சுருக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஸ்னாப்ஷாட்களை நீக்கி ஒன்றாக்குங்கள். அவை காப்பு நகல் என்று நினைத்துச் சேர்த்திருந்தால், அல்ல: எல்லாம் அடிப்படைக் கோப்பின் மேல்தான் நிற்கின்றன, அது கெட்டால் எல்லாம் போகும். அடுத்த முறை தரவுக்குத் தனி விர்ச்சுவல் டிஸ்க் வையுங்கள். அதை 'ரைட்த்ரூ' வகையாக அமைத்தால் ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது. வேலை முடிந்தால் அந்தத் தரவு டிஸ்க்கின் கோப்பையே அழித்துவிடலாம்.

கேள்வி: சயின்டிஃபிக் லினக்ஸ் 6-இல் மட்டும் ஓடும் பழைய நிரல். டாக்கர் (நிரலை அதன் நூலகங்களோடு கொள்கலனில் ஓட்டும் மென்பொருள்) போதுமா, முழு மெஷின் வேண்டுமா?

முழு மெஷின். டாக்கர் கொள்கலன் ஹோஸ்டின் கெர்னலையே (இயங்குதளத்தின் மையக்கருவையே) பயன்படுத்தும். அந்தக் காலத்து நிரல்கள் 'விசிஸ்கால்' என்ற பழைய கெர்னல் வசதியை எதிர்பார்க்கும். இன்றைய கெர்னல்கள் பலவற்றில் அது அணைந்திருப்பதால், கொள்கலன் ஒரு வரிகூடக் காட்டாமல் விழும். மெஷினில் பழைய கெர்னலே இருப்பதால் இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 நவம்பரோடு நின்றுவிட்டன. நெட்வொர்க்கைத் துண்டித்தே ஓட்டுங்கள்.

கேள்வி: ஆப்பிள் எம் வரிசை மடிக்கணினியில் ஆய்வகத்தின் ஓ.வி.ஏ ஓடுமா?

அது இன்டெல் வகைச் செயலிக்கான மெஷின் என்றால் யூ.டி.எம் என்ற மென்பொருள் மூலம் எமுலேட் செய்து (அந்தச் செயலியைப் போல நடிக்க வைத்து) ஓட்டலாம், ஆனால் கனமான கணக்குக்கு உதவாது. மூலநிரல் இருந்தால் ஆர்ம் செயலிக்கான (ஆப்பிள் எம் வரிசை அந்த வகைதான்) உபுண்டு லினக்ஸை நிறுவி மறுதொகுப்பு செய்யுங்கள். இல்லையென்றால், அதே ஆர்ம் லினக்ஸுக்குள் ஆப்பிளின் நிரல் மொழிமாற்றியான ரொசெட்டாவை இயக்கினால் 64-பிட் இன்டெல் நிரல்கள் ஓரளவு நல்ல வேகத்தில் ஓடும். 32-பிட் நிரல்கள் ஓடாது.

கேள்வி: மெஷினை வேறு கணினிக்கு மாற்றியதும் உரிமம் செல்லாது என்கிறது மென்பொருள்.

பெரும்பாலும் ஏற்றும்போது மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாறியிருக்கும், உரிமம் அதோடு பிணைக்கப்பட்டிருக்கும். மீண்டும் ஏற்றுங்கள், எல்லா மேக் முகவரிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளும் தேர்வைக் குறியிடுங்கள். பழைய நகலும் புதிய நகலும் ஒரே நெட்வொர்க்கில் ஒரே சமயம் ஓடக்கூடாது. உரிம விதி அந்த இடமாற்றத்தை அனுமதிக்கிறதா என்பதை முதலில் உங்கள் உரிம நிர்வாகியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.