பையன் தன்னம்பிக்கைப் புத்தகமாகவே படிக்கிறான், என்ன செய்வது?

கடைசி வருஷம் படிக்கிற பையன், பாடப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, எப்போது பார்த்தாலும் கையில் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம், கேட்டால் "என் மனநிலையை மாத்திக்கிட்டிருக்கேன்" என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். முதல் வேலையாக, அந்தப் புத்தகங்களைப் பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள். பிடுங்கினால், 'உன்னை நம்பாதவர்களை விட்டு விலகு' என்று அந்தப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் வருமே, அதில் முதல் ஆள் நீங்கள்தான்.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது, ஒரு பழக்கத்தை எப்படிச் சின்னதாகத் தொடங்குவது என்று செய்முறையாகச் சொல்லித்தருபவை உண்டு, அவற்றைப் படிக்கச் சொல்லி நானே மாணவர்களுக்குச் சொல்வேன். இன்னொரு ரகம், கண்ணை மூடி வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொள், மற்றது தானாக நடக்கும் என்பது. எனக்கு வம்பு இதோடுதான்.

சும்மா சொல்லவில்லை. காப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் டோரிஸ் மேயருடன் சேர்ந்து 2002-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஜெர்மனியில் படிப்பை முடிக்கிற மாணவர்களிடம் வேலையைப் பற்றிய நினைப்புகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்து அவர்கள் நிலைமையை விசாரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் குறைவாகத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள், வந்த வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. 'எனக்குக் கிடைக்கும்' என்று எதிர்பார்த்தவர்களோ நன்றாகவே வந்திருந்தார்கள். இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் எதிர்பார்ப்பு என்பது ஏற்கெனவே செய்து பார்த்த அனுபவத்திலிருந்து வருவது, கற்பனைக்கு அந்த ஆதாரமே வேண்டாம். கற்பனையிலேயே மனசு அந்த வெற்றியை அனுபவித்து முடித்துவிடுவதால் எழுந்துபோய் வேலையைப் பார்க்கிற வேகம் தணிந்துவிடுகிறது என்பது ஓட்டிங்கன் சொல்லும் காரணம்.

ஆலோசனை கேட்டு என்னிடம் வரும் மாணவர்களிடமும் இது தெரியும். நோட்டில் பக்கம் பக்கமாக 'நான் வெற்றியாளன்' என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருப்பார்கள். அதே நோட்டைப் புரட்டினால், எந்த நிறுவனத்துக்கு என்றைக்கு விண்ணப்பித்தேன், என்ன பதில் வந்தது என்று ஒரு வரி இருக்காது.

அதற்காகக் கற்பனையே கூடாது என்றில்லை. 1999-ல் கலிஃபோர்னியாவில் லியன் ஃபாமும் ஷெல்லி டெய்லரும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், நல்ல மதிப்பெண் வாங்கியதாக நினைத்துப் பார்த்தவர்களைவிட, தாங்கள் உட்கார்ந்து படிப்பதை நினைத்துப் பார்த்தவர்கள் கூடுதல் நேரம் படித்தார்கள், மதிப்பெண்ணும் கூட வந்தது. ஆகவே பையனிடம், கனவு காணாதே என்று சொல்லாதீர்கள். மாதிரி வினாத்தாளோடு உட்காருகிற கனவாக இருக்கட்டும், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், போன் எங்கே இருக்கும் என்பது வரைக்கும்.

அப்புறம், அவன் படிக்கிற புத்தகத்தை நீங்களும் ஒரு அத்தியாயம் படியுங்கள். படித்துவிட்டு, "இதுல இருக்கறதுல இந்த வாரம் எதைச் செஞ்சு பார்க்கப் போறே?" என்று கேளுங்கள். குத்திக் காட்டுகிற குரலில் கேட்டால் ஒன்றும் நடக்காது. பதில் வந்தால், அது முடிகிறவரை அடுத்த புத்தகம் வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளலாம். அதில் வருகிற பெரிய மனிதர்கள் கதையையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள்: அதே மாதிரி நினைத்து, அதே மாதிரி உழைத்தும் வராமல் போனவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை.

பதிலே வரவில்லை, மழுப்புகிறான் என்றால், பெரும்பாலும் அங்கே ஒரு பயம் இருக்கும். நிலுவைத் தாளாக இருக்கலாம், நேர்காணலில் வாய் திறக்க வராததாக இருக்கலாம், சில சமயம் இந்தப் படிப்பே பிடிக்கவில்லை என்பதாகவும் இருக்கும், அதை வீட்டில் சொல்லத் தைரியம் இல்லாமல் புத்தகத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். நேர்காணல் பயம் என்றால் என்னிடம் அனுப்பி வையுங்கள், நான்கைந்து ஒத்திகை நடத்தினால் பாதி தெளிந்துவிடும். படிப்பே பிடிக்கவில்லை என்றால் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசவேண்டும், அன்றைக்கு மட்டும் மதிப்பெண் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் மாறிப்போய், நண்பர்களிடம்கூடப் பேசாமல் இருக்கிறான் என்றால் என்னிடம் வரவேண்டாம், நேரே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.