கதை, நாடகம், கை அசைவு: பள்ளிப் பிரெஞ்சு பற்றிய கேள்வி பதில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஆங்கிலப் பாடசாலைகளில் கதையும் சைகையுமாகப் பிரெஞ்சு படிப்பிப்பது பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு, அந்த முறையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் பதில்கள்.

கேள்வி: மகள் கிரேட் 4. பிரெஞ்சு தொடங்கி ஒரு மாதமாகிறது, கொப்பியில் ஒரு சொல்லும் இல்லை. என்ன படித்தாய் என்றால் கையை ஆட்டிக் காட்டுகிறாள். இது படிப்பா, ரீச்சர்? (ஸ்காபரோ, ஒரு தாய்)

பதில்: படிப்புத்தான் அம்மா. இங்கே கிரேட் 4 முதல் 8 வரை பிரெஞ்சு கட்டாயம். எட்டு முடியும்போது பிள்ளைக்கு 600 மணித்தியாலப் பிரெஞ்சு கிடைத்திருக்க வேண்டும் என்பது மாகாணத்தின் கணக்கு. பெரும்பாலும் ஒரு பாடம் 40 நிமிடம். அதில் பாதி ஆங்கில விளக்கத்தில் போய்விட்டால் பிள்ளை பிரெஞ்சை எங்கே கேட்பாள்? அந்த விளக்கத்தின் வேலையைத்தான் கை செய்கிறது.

வெண்டி மாக்ஸ்வெல் என்ற கனேடியப் பிரெஞ்சு ஆசிரியை 1990களில் உருவாக்கிய 'எய்ம்' முறையில், அடிக்கடி வரும் சொல் ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு சைகை உண்டு. ஆசிரியர் சைகை காட்ட, வகுப்பு முழுவதும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்லும். நிறப் பெயரும் பழப் பெயரும் அல்ல, 'வேண்டும்', 'முடியும்', 'போகிறேன்', 'இருக்கிறது' போன்ற வினைகளே முதலில் வரும். எழுத்து, கதை வாயில் பழகிய பிறகு. மகள் கை ஆட்டும்போது "வாயாலும் சொல்லு" என்று கேளுங்கள். கை ஓடி வாய் ஓடாவிட்டால் மட்டும் ஆசிரியரோடு கதையுங்கள்.

கேள்வி: நான் பதில் ஆசிரியராக வகுப்பெடுக்கிறேன். சைகை முறைப் பயிற்சி இல்லை. 40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: மூன்று பன்றிக்குட்டிகள் கதையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு காட்சி போதும்.

முதல் 5 நிமிடம், வாசலிலேயே தாளம் தட்டி ஒரு சிறு பாட்டு. அது முடிந்ததும் வகுப்பில் ஆங்கிலமும் முடிந்தது. அடுத்த 10 நிமிடம் சைகையோடு கூட்டாகக் கதை சொல்லல். புதுச் சொல் ஆறு ஏழுக்கு மேல் வேண்டாம், மற்றதெல்லாம் பழையதாக இருக்கட்டும். பிறகு 10 நிமிடம் கேள்விகள். இதில் இரண்டு வகை. ஒன்று, பதிலுக்கு வேண்டிய சொற்கள் கேள்விக்குள்ளேயே இருப்பது: "ஓநாய் பசியோடு இருக்கிறதா?" பிள்ளை முழு வசனமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், 'வி' (ஆம்) என்ற ஒற்றைச் சொல்லை ஏற்கக்கூடாது. மற்றது, வசனத்தைத் தொடங்கி நிறுத்தி, பிள்ளைகளை முடிக்கவிடுவது. அடுத்த 10 நிமிடம் இருவர் இருவராக அதே வேலை. கடைசி 5 நிமிடம் எழுந்து நின்று நடிப்பு.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவது பகுதியில்தான். ஆசிரியர் முழு வசனத்தையும் தானே உரக்கச் சொல்லிவிடுவார். பிள்ளைகள் வாயசைப்பார்கள், வகுப்பு நன்றாகப் போவதுபோல் தெரியும். முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொடுத்து மிச்சத்தைக் கையால் காட்டுங்கள். சைகை சொல்லுக்குப் பின்னால் வரக்கூடாது; சொல்லோடு, அல்லது ஒரு கணம் முன்னால். நிரந்தர ஆசிரியரின் சைகைகளை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு சைகை காட்டினால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

கேள்வி: மகன் நாடகம் முழுவதும் மனப்பாடமாகச் சொல்கிறான், ஓநாய் வேஷமும் அருமை. ஆனால் "உனக்கு என்ன வேண்டும்?" என்று பிரெஞ்சில் கேட்டால் முழிக்கிறான்.

பதில்: இந்த முறையின் உண்மையான ஆபத்து இதுதான். நாடக வசனம் அவனுக்குள் ஒரே கட்டியாக உறைந்திருக்கிறது. எந்தத் துண்டு எங்கே முடிகிறது என்று தெரியாது. நாடகத்தை அரங்கேற்றியதும் வேலை முடிந்ததாக நினைக்கும் வகுப்புகளில் இது கட்டாயம் நடக்கும். அரங்கேற்றத்துக்கு முன்பே கட்டியை உடைக்கத் தொடங்க வேண்டும்.

முதலில் ஆளை மாற்றுங்கள். ஓநாய் "ஜெ வெ மான்ஜே" (நான் சாப்பிட விரும்புகிறேன்) என்கிறது. "து வெ மான்ஜே?" (நீ சாப்பிட விரும்புகிறாயா?) என்று அவனைக் கேளுங்கள், பிறகு தங்கையைக் காட்டி "எல் வெ மான்ஜே" (அவள் சாப்பிட விரும்புகிறாள்). இந்த வினை மூன்று இடத்திலும் ஒரே ஒலி என்பதால் தொடங்க இலகு. அது பழகியதும் ஒலி மாறும் வினைக்குப் போங்கள்: 'ஜே' (என்னிடம் இருக்கிறது), 'து ஆ' (உன்னிடம் இருக்கிறது), 'இல் ஆ' (அவனிடம் இருக்கிறது).

அடுத்தது ஒரு துண்டை மட்டும் மாற்றுவது. பன்றிக்குட்டி வைக்கோலால் வீடு கட்டுகிறது. நீ எதனால் என்ன கட்டுவாய்? வசனத்தின் எலும்பு அப்படியே இருக்க, ஒரு சொல் அவனுடையது. மூன்றாவது, கதையின் முடிவை ஐந்து வசனத்தில் மாற்றச் சொல்லுங்கள். ஓநாய் மன்னிப்புக் கேட்கட்டும், பன்றிக்குட்டிகள் ஊரைவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, சைகையை எடுத்துவிட வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு அதே கேள்வியைக் கேளுங்கள். தடுமாறினால் தடுமாறிய சொல்லுக்கு மட்டும் சைகை கொடுங்கள், முழு வசனத்துக்கும் அல்ல. ஆண்டு முழுவதும் எல்லாச் சொல்லுக்கும் கை காட்டும் வகுப்பில் பிள்ளைகள் காதால் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: 'எனக்குப் பத்து வயது' என்பதற்கு என் வகுப்பில் எல்லோரும் "ஜெ ஸ்வி தீஸ் ஆன்" என்கிறார்கள். எத்தனை தடவை திருத்துவது?

பதில்: ஆங்கிலத்தில் வயதைச் சொல்லப் பயன்படும் 'இரு' என்ற வினையை அப்படியே கொண்டுவருகிறார்கள். பிரெஞ்சில் 'ஜே தீஸான்', வயதை 'உடைமை' வினையால் சொல்ல வேண்டும். பசிக்கும் அதுவே: 'ஜே ஃபேன்'. இங்கே சைகை விளக்கத்தைவிட வேகமானது. இரண்டு வினைக்கும் தெளிவாக வேறுபட்ட சைகை வைத்து, பிழை வந்தவுடன் பேசாமல் சரியான சைகையைக் காட்டுங்கள். பிள்ளை தானே திருத்தும்.

கேள்வி: எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. பேத்திக்கு வீட்டில் எப்படி உதவலாம்? (ஒரு அப்பம்மா)

பதில்: நிறைய உதவலாம் அம்மா. அதே கதையைத் தமிழில் முழுதாகச் சொல்லுங்கள். கதை தெரிந்த பிள்ளைக்குப் பிரெஞ்சு வசனத்தின் பொருளை ஊகிக்க முடியும். வசனத்துக்கு வசனம் மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம். பிறகு நீங்கள் மாணவியாக இருங்கள், பேத்தி சைகையோடு உங்களுக்குப் படிப்பிக்கட்டும்.

உச்சரிப்பில் இரண்டைக் கவனியுங்கள். 'து' (நீ) என்ற சொல்லில் வரும் உயிர் எங்கள் உகரம் அல்ல. நாக்கை 'ஈ'க்கு வைத்து, உதட்டை 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். 'மேஸோன்' (வீடு) முடிவில் நாக்கு மேலே தொடக்கூடாது, ஒலி மூக்கால் போகும். வீட்டுப் பொருள்களின் பெயர்களை, ஆண்பாலுக்கு 'லெ', பெண்பாலுக்கு 'லா' முன்னால் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். 'லெ'க்கு ஒரு கை, 'லா'வுக்கு மற்றக் கை என்று வைத்தாலே போதும்.

கேள்வி: மற்ற முறைகளைவிட இது சிறந்தது என்று ஆய்வு சொல்கிறதா?

பதில்: அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்ராறியோவில் கிரேட் 8 மாணவர்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, எய்ம் வகுப்புக்கும் மற்ற வகுப்புக்கும் மொழித்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. முறையின் பெயரைவிட, ஒரு பாடத்தில் பிள்ளை எத்தனை நிமிடம் தானாகப் பிரெஞ்சு பேசுகிறாள் என்பதைப் பார்ப்பதே என் பழக்கம்.

கேள்வி: கிரேட் 7 பொடியன்கள் பன்றிக்குட்டிக் கதையைச் சின்னப்பிள்ளைத்தனம் என்கிறார்கள்.

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். கதையை மாற்றுங்கள். களவு விசாரணை நல்லது: சாட்சிகள், பொய் சொல்பவர், விசாரிப்பவர். கேள்வி கேட்பது கதைக்கே தேவையாகிவிடும். சைகைகளையும் சிறிதாக்குங்கள்.

கேள்வி: நன்றாகப் பேசும் பிள்ளை எழுத்தில் தடுமாறுகிறது. ஏன்?

பதில்: பிரெஞ்சில் பல சொற்களின் கடைசி எழுத்து ஒலிக்காது. 'பெத்தி' (சிறிய) என்ற சொல்லின் இறுதியில் ஒரு 'த்' எழுதப்படும், ஆண்பாலில் வாயில் வராது. 'அவன் சாப்பிடுகிறான்', 'அவர்கள் சாப்பிடுகிறார்கள்' இரண்டும் 'இல் மான்ஜ்'. எழுத்தில் வேறு வேறு. ஆகவே நாடகப் பிரதியை வாயில் பழகிய பின்பே கொடுங்கள், கொடுத்ததும் எல்லோருமாக விரல் வைத்து வாசியுங்கள். ஒலிக்காத எழுத்துகளைப் பென்சிலால் லேசாக வெட்டச் சொல்லுங்கள். ஒரு காட்சியை இப்படிச் செய்தபிறகே தனியே எழுதவிடுங்கள்.