ஆர்2-டி2 ரோபோவை முழு அளவில் வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் ஆர்2-டி2 சுமார் 109 செ.மீ. உயரம்தான். உடம்பை ஒட்டுப்பலகை, அலுமினியம், 3டி பிரின்ட் என எதில் வேண்டுமானாலும் செய்யலாம். புதிதாகச் செய்பவருக்கு 3டி பிரின்ட்தான் நல்லது என்பேன். ஆனால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்க்கப் பொறுமை வேண்டும். பிரின்ட் அடுக்கடுக்காக வருவதால் விழும் கோடுகள் மிச்சமிருந்தால் வெள்ளி பெயின்ட் அவற்றை இன்னும் எடுத்துக் காட்டும்.

பாதங்களுக்குள் வீல்சேர் மோட்டார் வைத்து ரிமோட்டில் ஓட்டலாம். பேட்டரியையும் அங்கேயே வையுங்கள்; எடை கீழே இருந்தால்தான் சாயாது.

உண்மையான சிக்கல், இரு பக்கக் கால்களுக்கு நடுவே உடம்பிலிருந்து வெளியே வந்து உள்ளே போகும் நடுக்கால். படத்தில் இரண்டு காலில் நின்ற காட்சிகளுக்கு நடிகர் கென்னி பேக்கர் உள்ளே இருந்தார். மூன்று காலில் ஓடியது ரிமோட் வைத்த வேறொரு ரோபோ. இரண்டையும் ஒன்றிலேயே கொண்டுவர நினைத்தால், நடுக்கால் உள்ளே போகும்போதே உடம்பு நிமிர்ந்து, எடை முழுதும் இரு பாதங்களின் மேல் சரியாக வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் குப்புற விழும். அதனால் முதலில் மூன்று காலோடு முடியுங்கள்.

அப்புறம், தலை சுற்றச் சுற்ற விளக்குகளுக்குப் போகும் வயர் முறுக்கிக்கொள்ளும். அதற்கு ஒரு ஸ்லிப் ரிங் (சுற்றும் பாகத்துக்கும் வயர் முறுக்காமல் மின்சாரம் கொடுக்கும் இணைப்பு) போட்டுவிடுங்கள்.