வயிற்றில் முதல் பிள்ளை, வீட்டில் நோயாளி நாய்: கேட்டவர்களுக்குப் பதில்

"நான் கர்ப்பமாக இருக்கிறேன், என் நாய்க்குப் புற்றுநோய்" என்று ஒரு தங்கை கேட்டதற்கு நாலு வரி பதில் எழுதினேன். அதன்பின் அதே மாதிரிக் கேள்விகள் வரிசை கட்டி வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். சிங்கப்பூரில் விலங்கு மருந்தகத்தில் பல வருடம் தாதியாக வேலை பார்த்தவள் நான், இரண்டு பிள்ளை பெற்றவள். மருத்துவர் இல்லை. அதனால் மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கே (செங்காங்): அக்கா, எனக்கு 14 வாரம். எங்கள் ஷிட்சூ நாய்க்கு லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்), கீமோ மருந்து இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. நான் அவனைத் தொடலாமா? என் பக்கத்தில்தான் படுப்பான்.

ப: தொடலாம், தடவிக்கொடுக்கலாம். பயப்பட வேண்டியது அவனிடமிருந்து வெளியே வருவதற்குத்தான். வின்கிரிஸ்டின், சைக்ளோஃபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின் போன்றவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்துகள். உங்கள் வயிற்றில் வளர்வதும் வேகமாகப் பெருகும் செல்கள்தானே. ஊசி போட்டபின் மருந்து சிறுநீர், மலம், வாந்தி, எச்சில் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். குறைந்தது 72 மணி நேரத்துக்கு எச்சரிக்கை வேண்டும். சில மருந்துகளுக்கு அது இன்னும் நீளும். அவனுக்குப் போடும் மருந்தின் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். அந்த நாட்களில் கட்டிலில் ஏற்ற வேண்டாம், முகத்தை நக்க விட வேண்டாம்.

சமையலறைக்குப் பின்னால் தட்டில் சிறுநீர் விரிப்பு போட்டு வைத்திருப்பீர்கள். அதை எடுப்பது இனி உங்கள் வேலை இல்லை. வீட்டுக்காரர் கையுறை போட்டுக்கொண்டு, ஈரப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, இரண்டு பைக்குள் கட்டிக் குப்பையில் போடட்டும். தரையில் சிந்தியிருந்தால் முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் கழுவ வேண்டும். எடுத்த எடுப்பில் குழாயைத் திறந்து அடித்தால் துளி நாலு பக்கமும் தெறிக்கும். அவன் படுக்கைத் துணியைத் தனியாக, இரண்டு முறை துவைக்க வேண்டும். வீட்டில் கொடுக்கும் கீமோ மாத்திரையை யாரும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நீங்கள் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பல மருந்துகள் சேர்ந்த கீமோ ஏறத்தாழ ஆறு மாதம் ஓடும். உங்களுக்கு இப்போது 14 வாரம். அவனுடைய கடைசி ஊசியும் உங்கள் பிரசவமும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இந்த நோய் பெரும்பாலும் முழுசாகப் போவதில்லை, அடங்கித்தான் இருக்கும். மருந்துக்கு நன்றாகக் கேட்கிற நாய்கள் ஓராண்டை ஒட்டி வாழ்கின்றன. ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம். பணம், ஆள், உங்கள் உடம்பு மூன்றையும் வைத்து இப்போதே வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். எட்டாம் மாதத்தில் பேசலாம் என்று தள்ளிப்போட்டால் பேச்சு சண்டையில்தான் முடியும்.

கே (உட்லண்ட்ஸ்): எங்கள் நாய்க்கு குஷிங் நோய் (கார்டிசால் ஹார்மோன் அளவுக்கு மேல் சுரக்கும் நோய்), தினமும் ட்ரைலோஸ்டேன் கேப்சூல் கொடுக்கிறேன். அதுவும் கீமோ மாதிரியா?

ப: கீமோ இல்லை. ஆனாலும் உங்கள் கையில் இருக்கக் கூடாத மருந்து. அது ஹார்மோன் சுரப்பதைத் தடுப்பது; கர்ப்பிணிகள் கையாள வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். வீட்டுக்காரர் கொடுக்கட்டும், கேப்சூலைத் திறக்காமல். இதே வகையில் இன்னொன்று மிசோப்ரோஸ்டால். வயிற்றுப்புண்ணுக்காக நாய்களுக்குச் சில சமயம் எழுதித் தருவார்கள். அது கருப்பையைச் சுருங்க வைக்கும். உங்கள் நாயின் மருந்துப் பட்டியலை ஒரு தடவை மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாய் மருந்து என்று கூச்சப்பட வேண்டாம்.

கே (தெம்பனீஸ்): என் மாமியார் நாயை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார். நாயால் குழந்தைக்குக் கண் போய்விடும், நாய் முடி வயிற்றுக்குள் போய்விடும் என்கிறார். நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு வேறு. பதில் சொல்ல முடியவில்லை.

ப: முடி வயிற்றுக்குள் போய்க் குழந்தையைத் தொட வழியே இல்லை. கண் விஷயம் டாக்ஸோபிளாஸ்மா பற்றியது. அந்தக் கிருமி முட்டையிடுவது பூனையின் குடலில். நாய் மலத்திலிருந்து அப்படி வராது. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. நாய்க்குப் பச்சை இறைச்சி போடும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், சால்மோனெல்லா, லிஸ்டீரியா என்ற கிருமிகள் அதில் வரும்.

ஒரு இடத்தில் மாமியார் பக்கமும் நியாயம் இருக்கிறது. எலிச்சிறுநீரிலிருந்து வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும், மனிதருக்கும் தொற்றும். உங்கள் நாயின் கோளாறு அதனால் வந்தது இல்லை என்று மருத்துவர் உறுதி சொல்லிவிட்டாரா என்று கேளுங்கள். வயதால் வந்தது என்றால் தொற்றாது. இதையெல்லாம் நீங்கள் வாயால் சொன்னால் எடுபடாது. அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் கூட்டிப்போங்கள். நாய் இருக்கலாமா என்று அவரே கேட்கட்டும், மகப்பேறு மருத்துவர் வாயால் பதில் வரட்டும். நான் பார்த்தவரை இதைவிட நல்ல வழி கிடையாது.

கே (ஜூரோங் வெஸ்ட்): எக்ஸ்ரே எடுக்கும்போது என் நாய் என்னைத் தவிர யாரிடமும் அடங்காது. நான் பிடித்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. ஈயக் கவசம் தந்தாலும் அறைக்கு வெளியே நில்லுங்கள். கர்ப்பம் என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள். வயிறு தெரியாத மாதங்களில் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

கே (பொங்கோல்): அக்கா, நான் கணவன். மனைவிக்கு 34 வாரம். எங்கள் மால்டீஸுக்கு இதய வால்வு கோளாறு, ஏற்கெனவே ஒரு முறை நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இதயத்துக்குப் பிமோபெண்டனும் நீர் பிரிய ஃப்ரூஸமைடும் கொடுக்கிறோம். பிரசவ வலி வரும் அதே இரவில் அவனுக்கும் மூச்சு முட்டினால் நான் என்ன செய்வேன்?

ப: தம்பி, அன்றைக்கு நீங்கள் மனைவியோடு போவீர்கள். இதில் இரண்டு பேச்சு இல்லை. எனவே நாயோடு போகப்போவது யார் என்பதுதான் உங்கள் கேள்வி. அந்த ஆளை இந்த வாரமே பிடியுங்கள். நண்பரோ, மாடி மாறி இருக்கும் அண்டை வீட்டுக்காரரோ, ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பினால் திட்டாமல் வரக்கூடியவராக இருக்க வேண்டும். அவரிடம் ஒரு சாவி கொடுத்துவிடுங்கள். 24 மணி நேர விலங்கு மருத்துவமனையின் முகவரி, நாயின் மருந்துப் பட்டியல், கடைசி ஸ்கேன் முடிவு மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கதவருகே வையுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் நாயை ஏற்ற முடியாது, டாக்சி ஓட்டுநர் மறுக்கலாம். கிராப்பெட் (செல்லப்பிராணிகளை ஏற்றும் கார் சேவை) எப்படிப் பதிவு செய்வது என்று அவருக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

எவ்வளவு செலவு வரை போகலாம், ஆக்ஸிஜன் அறையில் எத்தனை நாள் வைக்கலாம், எந்த நிலையில் போதும் என்று சொல்ல வேண்டும் என்பதை நீங்களும் மனைவியும் முடிவு செய்து, கையெழுத்துப் போட்டு அந்த உறைக்குள் வைக்க வேண்டும். பிரசவ அறையில் இருப்பவளிடம் தொலைபேசியில் கேட்கும் கேள்வி அல்ல அது. அந்த நண்பரின் தலையில் அதைச் சுமத்துவதும் தப்பு.

தினமும் அவன் நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சு முட்டலுக்கு முன்னால் பல சமயம் இந்த எண்ணிக்கைதான் ஏறும், அதனால் இரண்டும் ஒரே ராத்திரியில் வராமல் தப்பிக்க உங்களுக்கு இதுதான் நல்ல வழி.

கே (புக்கிட் பாத்தோக்): நீரிழிவு நாய்க்கு நான்தான் இன்சுலின் போடுவேன். நான் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் தங்கை போடுவாள். எதைக் கவனிக்க வேண்டும்?

ப: ஊசியை. நாய்களுக்கான கேனின்சுலின் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு. மனிதர்களுக்கான சாதாரண ஊசி 100 அலகுக்கு அளவு போட்டது. மாறிப்போனால் அளவே தப்பிவிடும். சரியான ஊசிகளை மருந்துப் பெட்டியோடு கட்டி வையுங்கள். நாய் சாப்பிடாத வேளையில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டு, தமிழிலேயே எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

கே (ஈசூன்): மகள் பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து வந்திருக்கிறேன். வீட்டில் வயதான நாய், இரத்தம் குறைவு என்று மருந்து கொடுக்கிறார்கள். மகளுக்குப் பத்தியம் சமைக்கும்போது அதற்கும் நல்ல சாப்பாடாகக் கொஞ்சம் போடலாமா?

ப: அம்மா, உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் பத்தியச் சாப்பாடுதான் அந்த நாய்க்கு விஷம். பூண்டுக் குழம்பு, சின்ன வெங்காயம், பூண்டு தட்டிப்போட்ட ரசம் எல்லாமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய் தாங்காது. வேகவைத்தாலும், வெறும் சாறாக ஊற்றினாலும் அதே கதைதான். லேகியத்தில் உலர்திராட்சை சேர்த்திருந்தால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உப்பில்லாமல் வேகவைத்த கோழியைத் தனியாக எடுத்து வையுங்கள், அதையும் மகளிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அப்படியே மாத்திரைகளையும் பாருங்கள். மகள் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையை அட்டையோடு கடித்துத் தின்ற நாய்களை நாங்கள் மருந்தகத்தில் பார்ப்பதுண்டு. அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்துக்குப் பின் வலிக்குத் தரும் பொன்ஸ்டான், ஐபுப்ரோஃபென் மாத்திரை எதுவும் கட்டில் பக்கத்து மேசையில் இருக்கக் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும் வழக்கம் உங்களுக்கு இருக்கும். அந்தப் புகை நாய்க்கும் ஆகாது, பிஞ்சு நுரையீரலுக்கும் ஆகாது.

கே (அங் மோ கியோ): எனக்கு 31 வாரம். 15 வயது நாய், சிறுநீரகம் கடைசி நிலை. தினமும் தோலுக்கடியில் திரவம் ஏற்றுகிறோம். பிரசவத்துக்கு முன்பே தூங்க வைத்துவிடுவதா, அது தானாகப் போகும்வரை விடுவதா? குழந்தைக்காக நாயைக் கொன்றேன் என்று ஆகிவிடாதா?

ப: இந்தக் கேள்வியைப் பல பேர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் திரவம். ஜன்னல் கம்பியில் பையை மாட்டி, கீழே உட்கார்ந்து போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வயிறோடு தரையில் உட்கார்ந்து எழாதீர்கள். நாயை மேசைமேல் துண்டு விரித்துப் படுக்க வைத்து, நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். தூக்கி வைப்பது வேறு ஆள். திரவப்பையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் நாய் முதுகைச் சிலிர்க்காமல் இருக்கும்.

இனி முடிவு. கடைசி நிலைச் சிறுநீரக நோயில் "தானாகப் போவது" என்பது தூக்கத்தில் போவதாக இருப்பது அபூர்வம். குமட்டல், வாய்ப்புண், சாப்பிடாமல் கிடப்பது, சில சமயம் வலிப்பு என்று நாட்கணக்கில் இழுக்கும். உங்கள் நாய்க்கு முடிவு எழுதியது நோய். குழந்தை தேதியைத்தான் மாற்றும், காரணத்தை மாற்றாது. சரி, எப்போது? அது விரும்பிச் செய்த மூன்று காரியங்களை எழுதுங்கள். வாசலுக்கு வந்து வரவேற்பது, தயிர்சோறு, மாலை நடை, எதுவாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு நாளும் அதில் எது நடந்தது என்று நாட்காட்டியில் குறியுங்கள். கெட்ட நாட்கள் நல்ல நாட்களைத் தாண்டிய வாரத்தில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 36 வாரத்தில் ஒரு முறை வீட்டுக்காரரோடு அந்த நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். அப்போது நாய் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தால், குழந்தை வருமுன்பே முடித்துவிடுவதுதான் என் கட்சி. 37 வாரத்துக்கு மேல் எந்த நேரமும் நீங்கள் வீட்டில் இல்லாமல் போகலாம். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ஓர் அவசர அறையில் அது போவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தொடாதீர்கள், பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

வீட்டுக்கே வரும் மருத்துவர்கள் இங்கே இருக்கிறார்கள். முதலில் மயக்க ஊசி, அது ஆழ்ந்து தூங்கியபின் அடுத்தது. சில நிமிடம்தான். அழுகை வரும், வரட்டும். பிரசவத்துக்குப் பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், எதிலும் மனசு ஒட்டாமல் இருந்தால் அதை நாயின் துக்கம் என்று ஒதுக்கிவிடாமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கே (அதே அங் மோ கியோ தங்கை): கர்ப்பிணி சாவைப் பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார்.

ப: மருத்துவப்படி தடை எதுவும் இல்லை. உங்களுக்கே அது உறுத்தினால் மயக்க ஊசிவரை மடியில் வைத்திருந்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அதற்குப் பிறகு நடப்பது நாய்க்குத் தெரியாது.

கே (பிடோக்): எங்கள் நாய்க்குப் பாதிக் கண் தெரியாது, மூட்டுவலி. ஆனால் சாது. குழந்தை வந்தபின் பயப்பட வேண்டுமா?

ப: ஆமாம். வலியோடு தூங்கும் நாயைத் திடீரென்று தொட்டால் சாதுவும் கடிக்கும். மருத்துவமனையிலிருந்து குழந்தைத் துணியைக் கொண்டுவந்து மோப்பம் காட்டுவார்கள், காட்டுங்கள், தப்பில்லை. நான் அதைவிடத் தடுப்புக் கதவைத்தான் நம்புவேன். ஒரு நிமிடம்கூட இருவரையும் தனியாக விடாதீர்கள். மூட்டுவலி மருந்தையும் பிரசவத்துக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

கே (தோ பாயோ): நாய்க்காக விடுப்பு கிடைக்குமா? நாய் இறந்தால் என்னென்ன செய்ய வேண்டும்?

ப: நாய்க்கென்று சட்டத்தில் விடுப்பு இல்லை. குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருந்தால் அம்மாவுக்கு 16 வாரம்; 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அப்பாவுக்கு 4 வாரம். அப்பாவின் 4 வாரத்தையும் ஒரே மூச்சில் எடுக்காமல், முதலாளி சம்மதித்தால், பிரித்து எடுத்து நாயின் மருத்துவச் சந்திப்புகளை அந்த நாட்களில் வையுங்கள். நாய் இறந்தால் பொது இடத்தில் புதைக்கக் கூடாது. தகனம் செய்யும் தனியார் நிறுவனங்கள் வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும். நாய் வளர்க்கும் உரிமத்தை ரத்து செய்யத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையச் சேவையில் தெரிவிக்க வேண்டும். அந்த வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள்.